அயர்லாந்துக்காரருக்குப் பக்கத்தில்

ஷ்லீரன் தரிப்பிடத்தில் ட்ராம் ஏறின தாயும் மகளும் எனக்கு முன்னுக்கு இருந்தினம். தாயின்ர மடியில் ஒரு காட்போட் பெட்டி.

மகள் சொன்னா: “ஆவணக் காப்பகத்தில அயர்லாந்துக்காரரின்ர கடிதங்களுக்குப் பக்கத்திலதான் அப்பா சேர்த்த இந்தக் கடதாசியளை வைப்பினம்.”

“அவையள் ஆர் பிள்ளை? அப்பாவுக்குத் தெரிஞ்சவையோ?”

“இல்லையம்மா. அவையளும் எங்களைப்போல உரிமைக்கும் மொழிக்கும் போராடினவை.”

“இதுக்குள்ள ராசன் அண்ணை போராட்டத்தைப் பற்றி அப்பாவுக்கு எழுதின கடிதம் கிடக்கு. அவர் இன்னும் ஊரில இருக்கிறார். ஆரும் வாசிச்சா அவருக்குத்தான் பிரச்சினை.”

“எழுதின ஆள் சாகுமட்டும் ஒருத்தருக்கும் காட்டமாட்டினம். அயர்லாந்துக்காரருக்கும் அப்படித்தான்.”

“அவர் செத்தால் காப்பகக்காரருக்கு ஆர் சொல்லுறது?”

“நீங்கள்தான்.”

“நான் முதல்ல செத்தால்?”

தாய் பெட்டியைத் திறந்து, ஒரு நீலக் கடிதத்தை எடுத்துத் தன்ர கைப்பைக்குள் வைச்சா.