‘சரிங்க’ என்ற பதிலுக்குப் பிறகு

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனப் பணிப்பாளர் அவர்களே, துணைவரை இழந்து நிற்கும் ஸுமைரா அவர்களே, மடவளையிலிருந்தும் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, உங்களுக்கு என் வணக்கமும் ஸலாமும்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. நான் பேச வேண்டிய கூட்டங்களில் எல்லாம் இன்று நாம் நினைவுகூரும் எங்கள் திட்ட இணைப்பாளர் மர்ஹூம் முனாப் சேர்தான் பேசினார்.

வெளிநாட்டு உதவியில் எத்தனை திட்டங்கள் வந்தன! கிணறு, தையல் பயிற்சி, கோழிக்கூடு. அவற்றில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன? அந்தக் களைப்பு சேருக்கும் இருந்தது. ஆனாலும் அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

கம்பளைக்கு மேலே உள்ள தோட்டத்தில் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது, மத்தியானத்தில் தண்ணீர் திறப்பதாகச் சொன்னோம். எல்லோரும் “சரிங்க” என்றார்கள். மக்கள் இணங்கினார்கள் என்று அறிக்கை போனது. மத்தியானத்தில் அவர்கள் கொழுந்து பறிக்கும் மலையில் நின்றார்கள். பிடிக்க ஆளில்லாமல் தண்ணீர் வீணாகக் காணில் ஓடியது.

நான் தோட்டத்தில் பிறந்தவள். சேர் என்னிடம் கேட்டார்: “புள்ள, உங்கட பக்கம் ‘சரிங்க’ன்டா என்ன?”

“கேட்டுக்கிட்டோம்னு அர்த்தம் சேர். ஒத்துக்கிட்டோம்னு இல்ல.”

“அப்ப நான் இவ்வளவு காலமும் ரேடியோவாத்தான் இரிந்திரிக்கன்” என்று சிரித்தார்.

அதன்பின் ஒவ்வொரு “சரிங்க”வுக்குப் பிறகும் கதிரையை இழுத்து அவர்கள் நடுவில் போட்டு உட்காருவார். எது ஏலாது, எது முடியாது என்று கேட்பார். பதில் வரும்வரை எழும்பமாட்டார். கடைசியில் ஒருநாள், கொழுந்து எடுக்கும் ரத்தினம்மா அக்கா எழுந்தார்.

“மத்தியானம் ஏலாதுங்க. வேல விட்டு வந்தப்புறம் தொறங்க.”

“அல்ஹம்துலில்லாஹ், ஒரு ‘ஏலாது’ கெடச்சிரிச்சி” என்றார் சேர். இப்போது தினமும் மாலையில்தான் தண்ணீர் வருகிறது.

அன்பானவர்களே, இந்த மாதத்தோடு நிதி முடிகிறது. இனிக் குழாய்களையும் மோட்டாரையும் மக்களே பராமரிக்க வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் சொன்னோம். “சரிங்க” என்றார்கள். அதற்குள் மழை வந்து கூட்டம் கலைந்தது. நாளைக்குத் திரும்பி வந்து கேட்போம் என்றார் சேர். விடிந்தபோது அவர் இல்லை.

இறுதி அறிக்கையை எழுத வேண்டியவள் நான். மக்கள் பொறுப்பேற்றார்கள் என்று எப்படி எழுதுவேன்? பணிப்பாளர் அவர்களே, திட்டத்தை மக்களிடம் கையளிக்கும் விழாவைத் தள்ளி வைக்கும்படி இந்தச் சபையில் உங்களைக் கேட்கிறேன். பதில் தெரியாமல் நாம் விலகினால், முதல் பழுதோடு தண்ணீர் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போகிறேன். சேர் கேட்க நினைத்ததைக் கேட்கிறேன். ஏலாது என்றால் அதையே எழுதுவேன். வருகிறவர்கள் குட்ஷெட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். ஒருவரும் வராவிட்டாலும் போவேன்.