பதினோராவது கேள்வி

— பதினோராவது கேள்வியை மட்டும் காலியா விட்டிருக்கீங்களே சிஸ்டர்? பக்கம் பக்கமா கேஸ் ஷீட் எழுதுற ஆளாச்சே நீங்க.

— அதுக்குத்தான் டாக்டர் உங்க ரூம் கதவைத் தட்டினேன். கொஞ்சம் சத்தமா படிங்க.

— "விண்ணப்பதாரர் தாமாக முடிவெடுத்துச் செயல்பட்ட ஒரு சம்பவம். உடன் பணியாற்றும் மருத்துவர் எழுதி உறுதிப்படுத்த வேண்டும்." இதுல என்ன சிரமம்? ஐசியூல பத்தொன்பது வருஷம். ஒண்ணா, ரெண்டா?

— சொல்றேன் கேளுங்க. நேத்து ரெக்கார்டு ரூம்ல உட்கார்ந்து பழைய ஷீட்டையெல்லாம் புரட்டினேன். எல்லாத்துலயும் நான் எழுதியிருக்கறது ஒண்ணுதான். "டாக்டர் போனில் சொன்னபடி." மருந்தையும் அளவையும் நான் சொல்லுவேன், நீங்க "சரி, போடுங்க"ம்பீங்க. எழுதும்போது முடிவு உங்களுது ஆயிடும். பாடு ஒருத்தருக்கு, பேரு ஒருத்தருக்கு.

— அது வழக்கம்தானே சிஸ்டர்.

— குத்தம் சொல்லல. ஆனா நாலு மணிக்குள்ள இதை அனுப்பணும். நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்புக்கு நாப்பத்திரண்டு வயசு தாண்டினா சேர்த்துக்க மாட்டாங்க. எனக்கு அடுத்த மாசம் நாப்பத்திமூணு.

— வீட்டுல என்ன சொல்றாங்க?

— பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா. "மேசைல பாதி உனக்கும்மா, என் பேனாவை மட்டும் தொடாதே"ன்னுட்டா. வீட்டுக்காரர் குக்கர் வைக்கப் பழகிட்டார், விசில்தான் எண்ணத் தெரியல. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

— சரி, விடுங்க. படிச்சு முடிச்சா மட்டும் என்ன மாறிடப்போகுது? அதே வார்டு, அதே வேலை.

— நான் எழுதுற மருந்துக்குக் கீழ நானே கையெழுத்துப் போடலாம். தப்பானா என் தலைதான் உருளும். பயமாத்தான் இருக்கு டாக்டர். ஆனா இத்தனை வருஷம் உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு கெட்டிக்காரியா இருந்தது போதும்.

— அப்ப எந்த சம்பவத்தை எழுதச் சொல்றீங்க?

— ஒன்பதாம் கட்டில்.

— சிஸ்டர், அது வேணாம்.

— உங்களுக்கும் மறக்கல பாருங்க. ரெண்டு தடவை டயாலிசிஸுக்கு வராம விட்ட லாரி டிரைவர். மத்தியானம் லேப்ல இருந்து, அஞ்சுக்குள்ள இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழரைன்னு சொல்றாங்க. மானிட்டர்ல இதயத்துடிப்போட அலை அகலமாகிட்டே போகுது. நீங்க மேல் மாடி மீட்டிங்ல. நாலு தடவை போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா ஆள் இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. கால்சியம் ஊசியை நானே போட்டேன். அலை பழையபடி திரும்புச்சு. அப்புறம் கை பழக்கத்துல "டாக்டர் போனில் சொன்னபடி"ன்னு எழுதிட்டேன். நீங்க வந்து கீழ கையெழுத்துப் போட்டீங்க.

— அந்த கேஸுக்கு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் குடுத்தாங்க.

— பார்த்தேன். ஃபிரேம் நல்லா இருக்கு.

— இதை எழுதினா, ரெண்டு பேருமா சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சோம்னு ஆயிடும். விசாரணை வரும். உங்க வேலைக்கே உலை வச்சுடும்.

— பொய்யா எழுதினது நான்தானே, வர்றதை வாங்கிக்கறேன். ஆனா அந்த ஒரு நாளாவது என் பேர்ல இருக்கணும்னு ஆசையா இருக்கு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. படிவத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வார்டுக்குப் போறேன். கோவிச்சுக்க மாட்டேன்.

— பேனா குடுங்க.

— யோசிச்சுத்தான் எழுதுறீங்களா டாக்டர்? அரைப் பக்கம் தாண்டிடுச்சு.

— முடிஞ்சது. கடைசி வரியை மட்டும் நீங்க படிங்க. இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

— "அன்று நான் போனை எடுத்திருந்தால், லேப் முடிவு தவறாக இருக்கும், மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்."