பகல் ஒரு மணியின் தகரப் பெட்டி

மேடையில் அமர்ந்திருக்கும், மறைந்த எங்கள் தலைவரின் மனைவியே, கூட்டத்தை நடத்தித் தரும் மருந்துக்கடைக்காரரே, என் வீட்டு மூன்றாம் மாடியில் கிரிப்டோ வர்த்தகம் செய்யும் உறுப்பினர்களே, தலைவரோடு இருபது ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்த தோழர்களே, வணக்கம். பின்னால் நிற்பவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். ஆளுக்கொரு நாற்காலி போட்டிருக்கிறோம்.

முதலில் ஒரு திருத்தம். தலைவர் போய் ஒன்பது நாளாகிறது. ஒன்பது நாளாக என் காதுபடவே மாடிப்படியில் ஒரு பேச்சு ஏறி இறங்குகிறது. "கிழவி போனையெல்லாம் பூட்டி வச்சுட்டா. அதனாலதான் ஆம்புலன்ஸ் லேட்." இதில் ஒரு பாதி உண்மை. மறுபாதி பொய். இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

அன்று பகல் உணவு நேரத்தில் உங்கள் கைபேசிகள் எல்லாம் தகரப் பெட்டிக்குள் பூட்டியிருந்தன. சாவி என் கைப்பையில் இருந்தது. நான் மாத்திரை எடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தேன். இது உண்மை. ஆனால் தலைவர் நாற்காலியிலிருந்து சரிந்த அதே நிமிடம், சுவரில் இருக்கும் தொலைபேசியில் மருந்துக்கடைக்காரர் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார். இதோ இருக்கிறார், கேளுங்கள். பிறகு எங்கே தாமதம்? மறுமுனையில் இருந்த பெண் கதவு எண் கேட்டாள்.

"நம்பரா? பச்சை கேட் போட்ட வீடும்மா. மூணாவது மாடி. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"சார், யாரையும் கேக்க நேரமில்ல. கதவு எண் சொல்லுங்க."

அறையில் பதினொரு பேர். ஒருவருக்கும் தெரியவில்லை! ஒரு கிரிப்டோ நாணயத்தின் விலையை நான்கு தசமம் வரை தூக்கத்திலும் சொல்பவர்கள். மூன்று ஆண்டுகளாக ஏறி இறங்கும் வீட்டின் எண்ணைப் பார்க்க ஒருவர் மூன்று மாடி கீழே ஓட வேண்டியிருந்தது. இரண்டு நிமிடம் போயிற்று. அந்த இரண்டு நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது, இதய வால்வு முன்பே கெட்டுப்போயிருந்தது என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். ஆனாலும் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. வீடு என்னுடையது. எண்ணைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டியது நான். இப்போது சிவப்பு மையில் ஒட்டியிருக்கிறேன்.

சந்தை விழுந்த அதிர்ச்சியில் போனார் என்றும் ஒரு பேச்சு. அதுவும் தவறு. அன்று அவர் கையில் ஒரு நாணயமும் இல்லை. அது அவருடைய ஓய்வு நாள். எங்களோடு சாப்பிடுவதற்காக மட்டும் படியேறி வந்தார்.

பெரியோர்களே, தலைவரை ஏன் 'பிரேக்' என்று கூப்பிட்டோம்? புதிதாக வருபவர் "எவ்வளவு சம்பாதிக்கலாம்ணே?" என்று கேட்டால், லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, அவர் சொல்வார்: "மேல போறதுக்கு மோட்டார் இருக்கு. அதை விடு. எங்க நிறுத்துவ? அதை முதல்ல எழுது." எழுதினால்தான் வாங்க விடுவார். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ஒரு அட்டை. ஏன் வாங்குகிறேன், எந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடுவேன் என்று கைப்பட எழுதி, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 'எல்லாரும் வாங்குறாங்க' என்று எழுதிய அட்டைகளைக் கிழித்துப் போடுவார். நஷ்டம் வந்தால் மூன்று மாடியும் இறங்கி ஏறிய பிறகுதான் அடுத்த அட்டை.

பிறவியிலேயே இப்படிக் கட்டுப்பாடாக இருந்தாரா? இல்லை! அவர் மனைவியின் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். தண்ணீர்க் கூஜாவில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்ட காலம் அது. ஒரு நாள் மேடையில் இருக்கும் இந்த அம்மா கேட்டிருக்கிறார்:

"ஏங்க, உப்பு எப்படி இருக்கு?"

"ரெண்டு பர்சன்ட் ஏறியிருக்கு."

சிரியுங்கள், பரவாயில்லை. அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்ததுதான். ஆனால் அன்று இந்த அம்மா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தட்டு போனதே தலைவருக்குக் கால்மணி நேரம் கழித்துத்தான் தெரிந்ததாம். அந்த வாரமே ஒரு பழைய தகர ஸ்குரூ டப்பாவைக் கழுவித் துடைத்து மாடிக்குக் கொண்டுவந்தார். ஒன்றிலிருந்து இரண்டு வரை திரைகள் அணைந்திருக்க வேண்டும், கைபேசிகள் டப்பாவுக்குள் இருக்க வேண்டும், எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். "சந்தை தூங்காது. அதுக்காக நாமளும் சாப்பிடாம உக்காந்திருக்கணுமா?" என்றார்.

இந்த விதிக்கு நானும் எளிதில் அடங்கியவள் அல்ல. என் கணவர் இறந்தபின், எழுபத்தொரு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். இரண்டாம் நாளே கைபேசியை முந்தானையில் மறைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு ஆண்டு படித்தவள் செய்கிற காரியமா? சத்தம் கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். கதவுக்கு வெளியே அவர் குரல்: "அம்மா, இருபது நிமிஷமா தண்ணி ஓடுது. கை கழுவுறீங்களா, விலை பாக்குறீங்களா?"

வெளியே வந்தேன். அவர் திட்டவில்லை. ஒரு பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்குங்கம்மா. என்கிட்ட இருந்தா கெஞ்சி வாங்கிடுவாங்க. உங்ககிட்ட கேக்க எல்லாருக்கும் பயம்." அதை நான் மரியாதையாக எடுத்துக்கொண்டேன். இன்னொன்றும் சொன்னார். அதை இதுவரை உங்களிடம் நான் சொன்னதில்லை. "பூட்டு ஆறு மாசத்துக்குத்தான். அப்புறம் பெட்டி திறந்தே இருக்கணும். கை மட்டும் போகக் கூடாது."

ஆறு மாதம் என்றார். மூன்று ஆண்டு ஆயிற்று. நான் பூட்டை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? உங்களை நம்பவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தச் சாவி எனக்குப் பிடித்துப்போயிற்று. தினமும் ஒரு மணிக்கு நான் படியேறி வருவதை ஒரு அறையே எதிர்பார்க்கிறது என்றால், என் வயதில் அது சின்ன விஷயமில்லை. அவர் இரண்டு முறை நினைவுபடுத்தினார். கேளாததுபோல் இருந்துவிட்டேன். பூட்டாத பெட்டிதான் அவர் விரும்பியது. அதை அவர் பார்க்காமல் போனதற்கு நான் மட்டுமே பொறுப்பு.

இப்போது பெட்டியே வேண்டாம் என்கிறீர்கள். கைபேசிக் குழுவில் கேள்வி கேட்டு, பன்னிரண்டு கட்டைவிரல் படங்கள் விழுந்தனவாம். அறையில் என்னைச் சேர்க்காமல் பதினொரு பேர்தான் இருக்கிறீர்கள். பன்னிரண்டாவது விரல் யாருடையதோ! இந்த ஒன்பது நாளும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். ஒருவர் சாப்பிடுவதே இல்லை. ஐந்து நாளாக ஒரு அட்டையிலும் சாட்சிக் கையெழுத்து இல்லை. நேற்று ஒருவரிடம் உப்பு கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல், "இறங்கிட்டிருக்கு மேடம்" என்றார். நம் தலைவர் எங்கே தொடங்கினாரோ அங்கேயே போய் நிற்கிறோமே! இதற்கா அவர் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினார்?

பெட்டி மேசையில் இருக்கும். பூட்டை இன்று காலை கழற்றிவிட்டேன். சாவியை, மேடையில் இருக்கும் அம்மா, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இனி அதற்கு வேலை இல்லை. அவசரம் என்றால் எவரும் கைபேசியை எடுக்கலாம். நாளை ஒரு மணிக்கு என் கைபேசி அதில் இருக்கும். வேறு எவருடையதும் இல்லாவிட்டாலும் என்னுடையது இருக்கும். அட்டை எழுதுவேன், படி இறங்கி ஏறுவேன், என் முழங்கால் அனுமதிக்கிற வரை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒன்றிலிருந்து இரண்டு வரை உங்கள் கைபேசியைப் பூட்டில்லாத அந்தப் பெட்டியில் வைப்பீர்களா, மாட்டீர்களா? ஒவ்வொருவரும் ஒரு தாளில் பதிலைக் கைப்பட எழுதி, கையெழுத்திட்டு, உறையிலிட்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கீழ்த்தளத்தில் என் தபால் பெட்டியில் போடுங்கள். மாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். உறையின் மேல் முகவரியை முழுதாக எழுத வேண்டும். கதவு எண் பதினேழு.