மூணு தலைமுறைக் கிழங்கு ரொட்டி

— கத்தாதடி! கடைக்கு ஆள் வர்ற நேரம்.

— வரட்டும். நல்லாக் காது குடுத்துக் கேக்கட்டும். கட்டின பொண்டாட்டி ஆறு மாசம் கழிச்சு வந்து நிக்கிறா, உக்காருன்னு ஒரு வார்த்தை இல்ல, கத்தாதடியாம்! முதல்ல இந்த போர்டை இறக்குங்க.

— எதுக்கு இறக்கணும்?

— 'அம்மா கைப்பக்குவம், மூணு தலைமுறைக் கிழங்கு ரொட்டி.' எந்த மூணு தலைமுறைங்க? அத்தை கையில கரண்டியைக் குடுத்து போட்டோ வேற! அவங்க அடுப்புப் பக்கம் வந்து நான் ஒரு நாள் பார்த்திருப்பேனா? வெந்நீர் வேணும்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க.

— அது வந்துடி, புத்தகக்காரம்மா ஒருத்தங்க வந்தாங்க. ஊர் சுத்த வர்றவங்களுக்காக, 'கம்மிச் செலவுல சாப்பிட பத்துக் கடை'ன்னு போடுறாங்களாம். இதை யார் கத்துக்கொடுத்தான்னு கேட்டாங்க. வாயில அம்மான்னு வந்துடுச்சு.

— பொண்டாட்டின்னு வரலையாக்கும்?

— வந்திருந்தா, அவ எங்கேன்னு கேப்பாங்களே! கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு புத்தகத்துல போடவா?

— போடட்டுமே! ஏன் போனான்னும் சேர்த்துப் போடட்டும். 'என்னத்தைப் பெருசாக் கண்டுபிடிச்சிட்ட, கிழங்கை மசிச்சுச் சுட எவளுக்கும் தெரியும்'னு எகத்தாளம் பேசினது யாரு?

— தங்கச்சி, நான் நடுவுல வரலம்மா. சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருக்கேன். ஆனா அன்னைக்கு அவன் அது மட்டுமா சொன்னான்? இன்னும் மோசமா ஒண்ணு சொன்னான். என் வாயால வேண்டாம்.

— டெய்லர் அண்ணே, நீங்க உங்க மெஷினைப் பாருங்க.

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ளே. மெஷின் உன் கடையைப் பார்த்து நிக்குது, நான் என்ன பண்ண?

— அண்ணே, நீங்களே சொல்லுங்க. இவரோட சண்டை போட்டுட்டு, மசிச்ச கிழங்கையும் மாவையும் மூடாம விட்டுட்டுப் படுத்தேன். விடிஞ்சு பார்த்தா பொங்கிப் புளிச்சுக் கிடக்கு. குப்பையில கொட்டுன்னார். எனக்குத்தான் மனசு வராம கல்லுல போட்டேன். முதல் ரொட்டியைத் தின்னது யாரு?

— நான்தான். ரெண்டு தின்னேன். மூணாவது கேட்டேன், இவன் தரல.

— அது நடந்து முழுசா மூணு வருஷம் ஆகல. அதுக்குள்ள மூணு தலைமுறையாம்!

— சரிடி, இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?

— எனக்கு முழுகிப் போச்சு! ஆஸ்பத்திரி கேன்டீன்ல பாத்திரம் கழுவுறேன். காலையில ரொட்டி போட ஒரு அடுப்பு தர்றேன்னு மேனேஜர் சொல்லியிருந்தார். சுட்டுக் கொடுத்தேன். நல்லாத் தின்னுட்டு அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டுறார். 'ஒரு வயசானம்மாகிட்ட திருடிட்டு வந்து இங்க விப்பியா?'ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டார். நான் திருடியா? என் சண்டையில புளிச்ச மாவுக்கு நானே திருடியா?

— அந்த ஆளுக்கு என்ன தெரியும்? விடு.

— விடுறதா? ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. 'இது என் பொண்டாட்டி கண்டுபிடிச்சது.' ஒத்தை வரி போதும். அந்த அடுப்பு எனக்கு வேணும்.

— எழுதிட்டா என் கடை என்னாகும்? முதுகுல மூட்டையோட வர்ற பிள்ளைங்க ரொட்டிக்கா வர்றாங்க? அம்மாகூட நின்னு போட்டோ எடுக்க வர்றாங்கடி. அம்மா பொய்னு தெரிஞ்சா ஒருத்தன் நிக்க மாட்டான்.

— அப்ப அத்தையைக் கூப்பிடுங்க. என் மூஞ்சியைப் பார்த்து, 'நான்தான் சுட்டேன்'னு சொல்லட்டும். பேசாமப் போயிடுறேன்.

— அம்மா இல்ல. அக்கா வீட்டுக்குப் போறேன்னு காலையிலயே கிளம்பிட்டாங்க.

— வசதியாப் போச்சு!

— ஏன் மாப்ளே, அக்கா வீட்டுக்குப் போறவங்க, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுன்னு என்கிட்ட ஏன் கேக்கணும்?

— ஆஸ்பத்திரியா? அம்மாவுக்கு என்னண்ணே?

— உடம்புக்கு ஒண்ணும் இல்ல. என் மச்சான் அங்க வார்டுல வேலை பார்க்கிறான்ல, கேன்டீன்ல நடந்ததைச் சொன்னான். எனக்குத்தான் வாய் நிக்காதே, உங்கம்மா காதுல போட்டுட்டேன். 'எனக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது, அது என் மருமக பண்டம்'னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டுத்தான் மறுவேலைன்னாங்க. தங்கச்சி ஒரு பஸ்ல வருது, அவங்க இன்னொரு பஸ்ல போறாங்க.

— அண்ணே... சாயங்காலம் திரும்பிடுவாங்கல்ல? கடைக்கு ஆள் வருமே!

— மருமககூட இருக்கப் பெட்டி படுக்கையோட போனவங்க எதுக்குடா திரும்பப் போறாங்க? தங்கச்சி, நீ சீக்கிரம் கிளம்பும்மா. ஆஸ்பத்திரிப் பக்கம் உன் ரூம் பூட்டிக் கிடக்கும், பாவம், வாசல்லயே உக்காந்திருப்பாங்க.