மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை

சார், கணினியில் ஒரே விசையை நாளெல்லாம் அமுக்கினால் விரல் நுனி வலியெடுக்கும். மூட்டை தூக்கிய கை என்னுடையது. ஆனாலும் இது வேறு மாதிரி வலி.

எங்கள் ரசாயனக் கம்பெனியில் தொட்டி கழுவ ஒருவன் உள்ளே இறங்கினால், வெளியே ஒருவன் லேப்டாப்போடு உட்கார வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வாக்கிடாக்கியில் அவனைக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் என்ட்டர் அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் சைரன் அலறும், மீட்பு ஆட்கள் ஓடி வருவார்கள். ஒருநாள் நான் ஒன்றுக்குப் போன நேரத்தில் அலறிவிட்டது. சூப்பர்வைசர் துளசிராமன் எல்லார் முன்னாலும் வைதார். "இன்னொரு தபா கத்திச்சின்னா கேட்டுக்கு வெளிய தான் நிப்ப."

அதற்கப்புறம்தான் யூடியூப் பார்த்து, தானாக என்ட்டர் அமுக்கும் சின்ன புரோகிராம் ஒன்று போட்டேன்.

தொட்டியில் இறங்குகிறவன் எபினேசர், என் தங்கை பிரின்சியின் புருஷன். அவனை வேலைக்குச் சேர்த்ததே நான்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். "நல்லதாப் போச்சு மச்சான். மாஸ்க்க மாட்டிக்கினு உன்னாண்ட பேசறதா, சேறு வாரறதா? உன் தங்கச்சி கூட இத்தினி தபா என்னைக் கூப்டறதில்ல."

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு இறங்கினான். நான் வாக்கிடாக்கியை மேசையிலேயே வைத்துவிட்டு கேன்டீனுக்கு நாஷ்டாவுக்குப் போனேன். அவன் கூப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது.

பதினொரு மணிக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒருக்களித்துக் கிடந்தான். மாஸ்க் கழன்றிருந்தது. கால் லேசாக அசைந்தது. சேறு நகர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். போய்விட்டவனுக்காக சைரன் அலறி என்ன ஆகப்போகிறது? அதுவரை பத்து முறை 'பதில் வந்தது' என்று பதிவாகியிருந்தது. பதில் சொன்னது யார் என்று கேட்பார்கள். பதினொன்றரைக்கு என்னை மாற்றிவிட சரவணன் வருவான். புரோகிராமை நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சரவணன் வந்ததும் நிறுத்தினேன். "உள்ள நல்லாத்தான் கீறாரு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவன் முதல் தடவை கூப்பிட்டான், பதில் இல்லை. சைரன் அலறியது. மூன்று நாளாக நீங்கள் விசாரிப்பது அவனைத்தான். பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரின்சி கேட்டாள். "அண்ணா, கடைசியா உன்னாண்டதான பேசினாரு. இன்னா சொன்னாரு?"

"பசிக்குதுன்னு சொன்னாரும்மா."

காலையில் அவள் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பதினொன்றே காலுக்குப் பிறகுதான் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நான் பார்த்த பிறகு அந்த என்ட்டர் ஒன்பது முறை அமுங்கியது. அதில் ஒரு தடவைகூட என் விரல் படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.