மே ஒன்றாம் தேதி டயாலிசிஸ்

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“தொழிலாளர் தினத்துக்கு லீவே விடக்கூடாதுலா அக்கா,” என்றாள் தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்த இளையவள்.

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். “நீயே கிலாங்ல, பேக்டரில வேலை செய்யுற. நீ இப்படிச் சொல்லலாமா?”

“எங்க வீட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். மே ஒண்ணும் அவரு முறைதான். அன்னிக்கு சென்டர் தொறப்பாங்களான்னு தெரியல. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.”

“எந்த சென்டர்?”

“மார்க்கெட் பக்கத்துல இருக்கே, அது.”

“அங்கதான் நான் கிளீனர் வேலை செய்யுறேன். அன்னிக்குத் தொறந்திருக்கும்லா. ரத்தம் சுத்தம் பண்றத ஒரு நாள் நிறுத்த முடியுமா? நாங்க அஞ்சு பேரு வாரோம். அதுக்குப் பதிலா வேற நாள் லீவு. மொதல்ல இல்லன்னாங்க. நாங்க விடல, கேட்டு வாங்கினோம்.”

இளையவள் பையிலிருந்து போனை எடுத்தாள். கணவனுக்குப் போன் போட்டாள்.

“தொறந்திருக்குமாம். இனிமே கவலப்படாம சாப்பிடுங்க.”

போனைப் பைக்குள் வைத்துவிட்டு மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த லீவ மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுத்துறாதீங்க அக்கா.”