நம்பர் ஒன் மீன்

— சந்திக்கடை ஸாஹிரா அக்கா குடுத்த வட்டிலாப்பத்த அப்பறம் திங்கலாம். மொதல்ல சொல்லுங்க, நம்ம கலர் மீனு ஒடம்பெல்லாம் ஏன் பஞ்சு பூத்துக் கெடக்கு?

— எனக்கென்னா தெரியும் லோஜினி? மழத் தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ.

— கஜேந்திரன் ஐயாவே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— ஹரி, ஹரி, சொல்லிடுறேன். செவ்வாக்கெழம நீ ரப்பர் பால் வெட்டப் போனப்ப லேசா தேய்ச்சு விட்டேன்.

— எத வச்சு?

— தேங்கா மட்ட.

— அட பாவி மனுசா! மீனையா?

— ஒரே வழுவழுன்னு இருந்திச்சு புள்ள. ஸ்மோக் ஹவுஸ்ல பத்து வருசமா நான் என்னா செய்றேன்? ரப்பர் ஷீட்டுல பூசணத்தத் தேய்ச்சு எடுத்தாத்தான் நம்பர் ஒன். மீன் ஆபீசு மஹத்தயா மார்க் போட வர்றப்ப நம்ம மீனும் நம்பர் ஒன்னா மினுங்கட்டுமேன்னு...

— அந்த வழுவழுப்புத்தாங்க அதுக்குக் காவல்! நோய்க் கிருமி அதுல சிக்கிக்கும். அதுக்குள்ளயே மருந்தும் ஊறுது. நல்ல கிருமியும் அதுலதான் குடியிருந்துக்கிட்டு, கெட்டதுக்கு எடம் விடாம வெரட்டும். மஹத்தயா கிளாஸ்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.

— கிருமியிலயும் நல்லது இருக்கா?

— மனுசங்கள்ல இருக்கயில கிருமியில இருக்கக் கூடாதா?

— சரி, கத்தாத. இப்ப என்னா செய்ய?

— தொட்டியில இருந்த பழைய தண்ணி வேணும். அந்த நல்ல கிருமி அதுலயும் இருக்கும். கொஞ்சம் உப்புப் போட்டு அதுல விட்டா மெல்லத் தேறிரும். மஹத்தயா வர இன்னும் பத்து நாளு. இந்தத் தோட்ட டிவிசனுக்கே, மீன நல்லா வளக்குற ஒரு வீட்டுக்குத்தான் ஆறு சீமெந்துத் தொட்டி குடுப்பாரு. அது கெடைச்சாத்தான் நான் விடியக்காலம் அட்டைக் கடி வாங்கிப் பால் வெட்டுறத விட முடியும். தேய்ச்சப்ப மாத்துன பழைய தண்ணிய எங்க ஊத்துனீங்க?

— வாசல்ல தண்ணி ஓடுற கான்ல.

— கான் அன்னைக்குக் காஞ்சு கெடந்திச்சே.

— சொன்னா அடிக்கக் கூடாது.

— அடிக்கல, சொல்லுங்க.

— ஸாஹிரா அக்கா தொட்டியில. நாலு வாளி. அவங்களும் தானே அந்தத் தொட்டிக்கு எழுதிப் போட்டிருக்காங்க? தண்ணி கலங்கிக் கெடந்தா மார்க் கொறையும்னு பாத்தேன்.

— என்னா நல்ல புத்தி!

— சத்தியமா ஒருத்தரும் பாக்கல புள்ள. ஆனா பாரு, புதுத் தொட்டியில சாகக் கெடந்த அவங்க மீனு ரெண்டு நாளா துள்ளுது. நம்ம சொத்த நானே கொண்டு போய்க் குடுத்திருக்கேன். எனக்கு அழுகையா வருது.

— அழுவாம வட்டிலாப்பத்தத் தின்னுங்க. அக்கா ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துருக்காங்க. "தம்பி தன் தொட்டித் தண்ணியக் கொண்டாந்து ஊத்தி எங்க மீனக் காப்பாத்திருச்சு, அந்த ஆறு தொட்டிக்கும் மஹத்தயாகிட்ட அது பேரத்தான் சொல்லப் போறேன்"னு இதக் குடுத்தாங்க. ரெண்டு வாளி திருப்பிக் கேட்டு வாங்கிக் குசினிக்குப் பின்னால வச்சிருக்கேன், போய்த் தூக்குங்க.